க்யூ சாரின் மைத்துனன்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் க்யூ சார். யார் வந்து எதைக் கேட்டாலும், வந்தவர் துணைவேந்தரின் ஆளாகவே இருந்தாலும், "க்யூல இருக்கு, வரும்" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்ட பெயர் அது.

அவர் பார்த்துக்கொண்டது கிளஸ்டரை. பெரிய சமாசாரம் என்று பயப்பட வேண்டாம். இயற்பியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், இரும்பு அலமாரிகளில் அடுக்கி ஒன்றோடொன்று கம்பியால் கோத்துவிட்ட கணினிகளின் கூட்டம், அவ்வளவுதான். மேசைக் கணினியில் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கிற கணக்கை அது சில நாளில் முடித்துத் தந்துவிடும். கூட்டம் ஒன்றுதான், கேட்பவர்களோ பல்கலைக்கழகம் முழுக்க இருந்தார்கள். அதனால் வரிசை. அவரவர் கணக்கை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படி அனுப்புகிற கணக்குக்கு ஜாப் என்று பெயர். எந்த ஜாப் முன்னால், எது பின்னால் என்று ஒரு மென்பொருள் முடிவு செய்யும். அந்த மென்பொருளுக்கு விதி சொல்லிக் கொடுத்தவர் க்யூ சார்.

அவருடைய ஒரு நாளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர் ஏன் சிடுசிடுவென்று இருக்கிறார் என்று கேட்கத் தோன்றாது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டுக் கிளஸ்டரே படுத்துவிட்டது என்று டீனுக்குப் புகார் அனுப்புகிறவர் ஒருத்தர். ஓர் அக்கவுண்ட்டை வாங்கி அதை ஆய்வுக்கூடம் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டு, யாரோ கோப்பை அழித்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் சிலர். உள்ளே போகிற வழிக்கென்று ஒரு சின்ன மெஷின் உண்டு. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நகர வேண்டிய இடம். அதிலேயே கணக்கை ஓட்டி, வாசற்படியில் பாயை விரித்துப் படுத்த மாதிரி எல்லோரையும் மறித்துக்கொண்டு கிடப்பவர்களும் இருந்தார்கள். படித்தவர்கள்தான், அத்தனை பேரும்.

எல்லாவற்றையும்விட அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது நேரம் கேட்கிற விஷயத்தில். ஜாப் அனுப்பும்போது எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்ல வேண்டும். சொன்ன நேரம் தீர்ந்தால் மென்பொருள் ஜாப்பைப் பாதியில் நிறுத்திவிடும். அந்தப் பயத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு வாரம் கேட்பார்கள். ஒரு வாரம் சும்மா இருக்கிற மெஷினுக்கு எங்கே போவது? ஜாப் கிடந்து காயும். பிறகு வாசலில் வந்து நின்று, "எல்லாருக்கும் ஓடுது, எனக்கு மட்டும் ஏன் சார் ஓடல?" என்பார்கள்.

"நீங்க கேட்டதைப் பாருங்க. பாதியாக் குறைங்க, தானா ஓடும்."

"குறைச்சா நின்னு போயிடுமே சார்."

"அப்ப க்யூல இருங்க."

இப்படி அவர் யாருக்கும் வளைந்து கொடுக்காமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய மனைவியின் தம்பி அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். வீட்டில் அவன் பெயர் சின்னவன். அப்பா, அம்மா போன பிறகு அக்காதான் அவனுக்கு எல்லாம். ஆகவே க்யூ சார் வீட்டு முன்னறை அவனுடைய அறையாயிற்று. ஆற்றுப் பாலங்களின் தூண்களைச் சுற்றி வெள்ளம் மண்ணை எப்படி அரித்துக்கொண்டு போகிறது என்பது அவன் ஆராய்ச்சி. எந்தத் தூண் எப்போது சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமாம். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைத் தூணாக நிறுத்தி, சர்க்கரையைச் சுற்றிக் கொட்டி, ஊதிக் காட்டுவான். அக்காவின் மகள் கைதட்டுவாள். அக்கா திட்டிக்கொண்டே மேசையைத் துடைப்பாள்.

சில வருஷம் போய், ஆய்வேட்டில் ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அதையும் எழுதி வைத்துவிட்டான், ஒரு பெரிய ஜாப் ஓடி எண்கள் வந்தால் செருகிவிட வேண்டியதுதான். வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவனுக்கு வேலையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: இந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. பல்கலைக்கழகம் ஆய்வேடு வாங்கும் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

ஜாப் க்யூவில் கிடந்தது. வாரக்கணக்கில் கிடந்தது.

சின்னவன் வாய் திறந்து கேட்கிற ரகமில்லை. கேட்டது அக்கா. அவள் மருந்துக் கடையில் மருந்தாளுநர். கடையில் நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தவள், சோற்றை வடிக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏங்க, அவனோடதைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி விட்டா என்ன குறைஞ்சிடும்?"

"அப்படியெல்லாம் தள்ள முடியாது. அது சாஃப்ட்வேர் பண்றது."

"அந்த சாஃப்ட்வேர் உங்க பேச்சைத்தானே கேக்குது? கடையில அவ்வளவு கூட்டம் நிக்கும்போது நீங்க தலைவலின்னு வந்தா, நான் உங்களை டோக்கன் போட்டா நிக்க வைக்கிறேன்?"

"அது வேற, இது வேற."

"ஆமா. வேறதான். அது புருஷன், இது மச்சான்."

சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விடுக்கா. அத்தான் வேலையில நாம மூக்கை நுழைக்க வேண்டாம்" என்பான். அவன் அப்படிச் சொல்வதுதான் க்யூ சாருக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

கடைசி வாரம் வந்தது. திங்கட்கிழமை காலை, செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"அத்தான், ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கப்புறம் போட்டவங்க, என்னோடதைவிடப் பெரிய ஜாப், ரெண்டு மூணு பேருக்கு ஓடி முடிஞ்சே போச்சு. என் ஜாப்ல ஏதாவது தப்பு இருக்கா?"

"டைம் அதிகமாக் கேட்டிருப்பே. எல்லாரும் பண்ற வேலைதானே" என்று பதிலை எறிந்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஆனால் அந்தக் கேள்வி நாள் முழுக்க அவரைக் குடைந்தது. மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், அவன் ஜாப்பை எடுத்துப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கிற ஆசையோடுதான் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. தேவையான மெஷின்களை மட்டும் கேட்டிருந்தான். நேரம் நான்கு நாள் என்று போட்டிருந்தான். இதற்கும் ஓடாமல் ஏன் கிடக்கிறது என்று அவன் அக்கவுண்ட்டைத் திறந்தார்.

ஒவ்வோர் அக்கவுண்ட்டுக்கும் ஓர் எடை உண்டு. எடை கூடினால் ஜாப் வரிசையில் முன்னால் போகும், குறைந்தால் பின்னால் தள்ளப்படும். எல்லோருக்கும் ஒரே எடை. அதுதான் அவர் வகுத்த நியாயம், அதில்தான் அவருக்கு அத்தனை கர்வம். சின்னவனுடைய எடை மட்டும் பாதியாக இருந்தது.

 பாதியாக்கியது யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதை மாற்றுகிற அதிகாரம் இன்னொருத்தருக்குக் கிடையாது. சின்னவன் சேர்ந்த புதிதில், கிளஸ்டரை மேற்பார்வை செய்கிற பேராசிரியர்கள் குழு கூடியிருந்தபோது, வாய் நீளமான வேதியியல் பேராசிரியர், "இனிமே க்யூ சார் வீட்டு ஜாப்தான் முதல்ல ஓடும், நாமெல்லாம் துண்டைப் போட்டு இடம் பிடிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். க்யூ சாரும் சிரித்துவிட்டு, நேரே தன் இருக்கைக்கு வந்து மைத்துனனின் எடையைப் பாதியாக்கினார். பேச்சு அடங்குகிற வரைக்கும் என்றுதான் நினைத்தார். பேச்சு அடுத்த வாரமே அடங்கிவிட்டது. அவர் மறந்துவிட்டார்.

இத்தனை நாளும் அது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. சின்னச் சின்ன ஜாப்கள் இடுக்குகளில் புகுந்து எப்படியோ ஓடிவிடும். பெரிய ஜாப்புக்கு இடுக்கு போதாது, முறை வர வேண்டும். முறை வரும்போதெல்லாம் பின்னால் வந்தவர் முழு எடையோடு இவனைத் தாண்டிப் போய்விடுவார். இது தெரியாமல் பிள்ளை தன் கணக்கில் தப்பு இருக்கிறதோ என்று தேடிக்கொண்டிருந்தான். "சாஃப்ட்வேர் பண்றது" என்று தினம் தினம் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நினைத்தபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எடையைச் சரியாக்கிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருப்பார்கள். ஒரு நிமிஷ வேலை. ஆனால் இவர் இவராயிற்றே! எடையில் கை வைத்தால் அது பதிவாகும். யார், யாருக்கு, எப்போது மாற்றினார் என்று குழுவுக்குப் போகும். கடைசி வாரத்தில் மைத்துனனின் எடையை அத்தான் இரட்டிப்பாக்கினார் என்றுதான் அங்கே தெரியும். பாதியாக்கியபோது ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை, அது வேறு விஷயம். செவ்வாய்க்கிழமை காலையில் குழு கூடுகிறது. முதலில் அங்கே சொல்லிவிட்டு மாற்றினால் ஒரு பயல் பேச முடியாது என்று நினைத்தார். ஒரே ஒரு நாள்தானே.

நான்கு நாள் என்று போட்டிருக்கிறானே, செவ்வாய் மதியம் ஆரம்பித்தால் வெள்ளிக்குள் முடியாதே என்ற கணக்கு அவருக்கு வராமலில்லை. வந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. எல்லோரும் கூட்டித்தான் கேட்கிறார்கள். நான்கு என்றால் இரண்டில் முடியும், மிஞ்சிப் போனால் மூன்று. இத்தனை வருஷ அனுபவம் அவருக்கு அப்படித்தான் சொன்னது. சின்னவனுக்கு ஒரு போன் போட்டு, "நிஜமாவே நாலு நாளா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும். கேட்கவில்லை.

அன்று வீட்டில் அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் குழுவில் விஷயம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். வேதியியல் பேராசிரியர், "நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னதுக்கா இப்படிப் பண்ணீங்க? என்ன மனுஷன் சார் நீங்க? நேத்தே மாத்தியிருக்க வேண்டியதுதானே!" என்றார். 

கீழே வந்து எடையைச் சரியாக்கினார். அதோடு விடவில்லை. கிளஸ்டரைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் ஒரு மெயில் எழுதினார். தன் உறவினர் ஒருவருடைய அக்கவுண்ட்டின் எடை தன் தவறால் இதுவரை குறைவாக இருந்தது, குழுவின் அனுமதியோடு இன்று சரிசெய்யப்பட்டது, இதில் சலுகை ஏதுமில்லை என்று. நேர்மையான மெயில். அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தால், சின்னவனின் ஜாப் ஓடத் தொடங்கியிருந்தது. வாரக்கணக்கில் அசையாதது, இவர் கை எடுத்த சற்று நேரத்தில் ஓடியது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது சின்னவன் மேசையருகே உட்கார்ந்திருந்தான். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஜாப் ஓடுது, பாத்தியா?" என்றார் க்யூ சார், குரலில் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு.

"பாத்தேன் அத்தான். மெயிலும் பாத்தேன்."

"என்ன மெயில்?" என்றாள் அக்கா.

"அத்தான் எல்லாருக்கும் போட்டிருக்காருக்கா. உனக்கு வராது. நீ யூசர் இல்ல."

அவன் அதைப் படித்துக் காட்டினான். குரலை உயர்த்தவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தான். அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"நான் அவனை முன்னாடி விடுங்கன்னு உங்ககிட்ட கெஞ்சிட்டிருந்தேன். நீங்க அவனைப் பின்னாடி பிடிச்சு வச்சிருந்தீங்க."

"மறந்துட்டேன்மா. வேணும்னு…"

"வேணும்னுதானே பண்ணீங்க? மறந்தது அப்புறம்." அவள் எழுந்தாள். "அதுவும் ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. இங்க அடுத்த ரூம்ல இருக்கறவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல."

"எப்பக் கண்டுபிடிச்சீங்க அத்தான்?" என்று கேட்டான் சின்னவன்.

பொய் சொல்லலாம். அவருக்கு அது வராது. அந்த விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"நேத்து மதியம்."

சின்னவன் தலையை ஆட்டிக்கொண்டான். "அது நாலு நாள் முழுசா ஓடும் அத்தான். சின்ன மாடல் ஓட்டி, கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் கேட்டேன். நீங்கதானே கூட்டிக் கேக்கக் கூடாதுன்னு சொல்லுவீங்க?"

அவர் பேச்சைக் கேட்டு, கேட்டபடியே நடந்துகொண்ட ஒரே ஆள் அந்தக் கிளஸ்டரில் அவன்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் செய்யாத காரியமில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஜாப்பை யாராலும் வேகப்படுத்த முடியாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவர், மணிக்கொரு தரம் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தார். குளிர்சாதன இயந்திரம் கொஞ்சம் உறுமினாலும் அலமாரிகளுக்கு நடுவே ஓடினார். வெள்ளி மதியம், பொறுக்க மாட்டாமல், ஆய்வேடு வாங்குகிற அலுவலகத்துக்கே போய் நின்றார். தனக்காகக்கூட எங்கும் போய்ச் சலுகை கேட்காதவர் அவர். எப்படிக் கேட்பதென்றே தெரியவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார்.

கண்காணிப்பாளர் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா அஞ்சு மணிக்கு சிஸ்டம் தானா மூடிக்கும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"திங்கக்கிழமை ஒரே ஒருத்தருக்குத் திறந்து விட்டா…"

"ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்களே இதைத்தானே எல்லாருக்கும் சொல்றீங்க?"

அந்த அம்மா குத்திக்காட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். க்யூ சார் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். 

ஜாப் சனிக்கிழமை முற்பகல் முடிந்தது. சின்னவன் சொன்னது சொன்னபடி, நான்கு நாள். முடிவுகள் நன்றாகவே வந்திருந்தன. தூண் எங்கே அரிக்கும் என்று அவன் எதிர்பார்த்தானோ அங்கேயே அரித்திருந்தது. அடுத்த வாரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நல்ல வார்த்தைகளோடு ஒரு மெயில் வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், வருத்தமாம், வருங்காலத்தில் பார்க்கலாமாம். சின்னவன் அதை அக்காவிடம் மட்டும் காட்டினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். போகும்போது கணவரிடம் சாவி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை, தானே தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் சண்டை போடவில்லை என்பதுதான் க்யூ சாருக்குத் தாங்கவில்லை. சோறு வேளைக்கு வந்தது. சட்டை தேய்த்து மாட்டியிருந்தது. சின்னவனும் எப்போதும் போல மேசைக்கு வந்தான், மகளோடு சிரித்தான், இவர் தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுத்தான். ஒரு தடவை அவர் பேச்சை ஆரம்பித்தார். "தம்பி, அன்னிக்கு நான்…" என்றார். "பரவால்ல அத்தான், விடுங்க" என்று அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். வைதிருந்தால் தேவலை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாலும் தேவலை. அவன் கதவை மூடாமல் மூடிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, க்யூ சார் படுக்கையறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் அந்த வாரத்துக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடுமுறையிலும் அவருக்கு அது ஒரு வியாதி. புதிதாக ஒன்று அப்போதுதான் வந்து விழுந்தது. அனுப்பியவர் பக்கத்து அறையில் இருந்தார்.

"நிர்வாகி அவர்களுக்கு: ஆய்வேட்டை அடுத்த பருவத்தில் கொடுக்க இருப்பதால், என் அக்கவுண்ட்டை அதுவரை நீட்டிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டியின் ஒப்புதல் இணைக்கப்பட்டுள்ளது."

கோரிக்கையின் கீழே, வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கட்டம் உண்டு. எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தங்கள் அவசரத்தையும் பெருமையையும் கொட்டி, கூடுதல் மெஷின் கேட்பார்கள். சின்னவன் ஒரு வரி எழுதியிருந்தான்.

"மற்றவர்களுக்கு இருக்கிற இடமே எனக்கும் போதும்."

க்யூ சார் அதை இன்னொரு முறை படித்தார். எழுந்து போய் முன்னறைக் கதவைத் தட்டலாம் என்று நினைத்தார். தட்டவில்லை. எடையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, அனுமதி என்ற பொத்தானை அழுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவனின் போன் சிணுங்கி நின்றது.